ஏடு எழுத இடமில்லாதபோது

நிரல் ஓடுகையில் எங்கே, எப்பொழுது, என்ன பழுது நேர்ந்தது என்று குறித்து வைப்பது பிழைப்பதிவேடு. அதனை எழுதுவதற்கென்றே ஆயத்த நிரல் தொகுதிகள் உள்ளன, லைப்ரரி என்பர். அவற்றுட் பல, வட்டில் ஒரு கோப்பைத் திறந்து எழுதும் வழக்கமுடையவை.

அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் லாம்டா என்னும் சேவையை அறிமுகப்படுத்தியது. இவ்வகைக்குச் 'சர்வர்லெஸ்' என்று பெயர். சர்வர் இல்லாமலில்லை, அதைப் பேணும் பொறுப்புத்தான் நமக்கில்லை. அங்கே நம் நிரல் இருக்கும் அடைவைப் படிக்கலாம். அதில் எழுத இயலாது. 'டெம்ப்' என்னும் தற்காலிக அடைவில் மட்டும் எழுதலாம். அதன் அளவு இயல்பாக 512 மெகாபைட். 2022 முதல் 10 கிகாபைட் வரை விரித்துக்கொள்ளலாம்.

எங்கள் கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு மாணவி, உதவித்தொகைக்குக் கடைசி நாளன்று, சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று விண்ணப்பம் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தேதியில் சிறு பிழை. "தேதியைத் திருத்துக" என்றால் போதும். நிரலோ முதலில் அப்பிழையைப் பதிய முயல்கிறது, எழுத இடமில்லை, லைப்ரரி வீழ்கிறது, அதனோடு விண்ணப்பமும் வீழ்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் சென்று கேட்டாலும், நடந்ததைச் சொல்ல அங்கே குறிப்பே இராது.

பீரோவின் சாவி கிடைக்கவில்லை என்று வகுப்பைக் கலைத்துவிடும் ஆசிரியர் உண்டோ? வராதவர் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுவார். மாலையில் அது அழியும் என்றறிந்து, எழுத்தரிடம் வாயாலும் சொல்லிவிடுவார். டெம்ப் அடைவு அக்கரும்பலகை போன்றது. நிரலின் அவ்விருப்பிடம் கலைக்கப்படும்போது அதுவும் மறையும். வாயாற் சொல்வது, திரைக்கென அனுப்பும் வெளியீடு. உரிய அனுமதி அளித்திருந்தால், லாம்டாவில் அவ்வெளியீடு கிளவுட்வாட்ச் என்னும் தனிச் சேவையிற் போய்ச் சேரும். ஆகவே கோப்பில் எழுதும் முயற்சி தோற்றால், குறிப்பை அவ்வழியே அனுப்பிவிட்டு, நிரல் தன் வேலையைத் தொடர வேண்டும்.

சிலர் அத்தோல்வியை ஓசையின்றி விழுங்கிவிடுவர். இதை நான் ஒப்புவதில்லை. பதிவேடு எழுத முடியவில்லை என்பதை ஒருமுறையேனும் உரக்கச் சொல்லவேண்டும். ஆனால் அதைச் சொல்லவும் அதே லைப்ரரியை அழைத்தால், தோல்வி தோல்வியை அழைத்து முடிவின்றிச் சுழலும்.

நிரலை வெளியிடுமுன், உங்கள் கணிப்பொறியிலேயே பதிவேட்டு அடைவின் எழுதும் உரிமையை நீக்கிவிட்டு, வேண்டுமென்றே தவறான தேதி ஒன்றைக் கொடுங்கள். லினக்சில் தலைமைப் பயனராக ஓட்டினால் அத்தடை செல்லாது; சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள். திருத்தச் சொல்லும் வரி மாணவிக்குக் கிட்டுகிறதா, பிழைக்குறிப்பு உங்களுக்குக் கிட்டுகிறதா, இரண்டையும் பாருங்கள்.