சொன்ன சொல்லும் கொடுத்த வாக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் தமிழ்ப் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் சேர்ந்த குமாஸ்தா. இம்மேடையில் நிற்க நேர்ந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு திங்களுக்கு முன் செயலாளர் அவர்கள் நம் இல்லத்துக்கு வந்து, "இவ்வாண்டு நீங்கள் பேச வேண்டும்" என்றார். "பார்க்கலாம்" என்றோம். நம் ஊர் வழக்கிலே 'பார்க்கலாம்' என்பது மறுப்பின் மரியாதையான வடிவம். செயலாளர் அதனை இசைவாகக் கொண்டு அழைப்பிதழில் நம் பெயரை அச்சிட்டுவிட்டார். கொடாத வாக்கைக் காப்பாற்றவே வந்து நிற்கிறோம். ஆதலின், வாக்குக் கொடுக்கும் சொற்களைப் பற்றியே பேசிவிடலாம் என்று துணிந்தோம்.

வாக்கு, சத்தியம், ஆணை என்னும் மூன்றையும் நாம் ஒன்றாகவே நினைத்துக் கையாளுகிறோம். சற்று நின்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு. வாக்கு என்பது இனி நடக்க வேண்டியதற்கே உரியது. "நேற்று நான் கடைக்குப் போகவில்லை என்று வாக்குக் கொடுக்கிறேன்" என்று எவரும் சொல்லார். சத்தியமோ முன்னும் பின்னும் பார்ப்பது. "சத்தியமாக நான் எடுக்கவில்லை" என்று நடந்ததற்கும் சொல்லுகிறோம்; "சத்தியமாக நாளை தருகிறேன்" என்று நடக்கப்போவதற்கும் சொல்லுகிறோம். உண்மை என்னும் பொருளுடைய சொல் அது. நாளைய செயலையும் இன்றே உண்மையாக்கிவிடுவதாகச் சொல்லும் துணிவு அதிலே இருக்கிறது. வாக்கைக் 'கொடுக்கிறோம்', சத்தியத்தைச் 'செய்கிறோம்'. கொடுத்த பொருள் வாங்கியவனுடையது. அதனாலேதான், வாக்குக் கொடுத்தவன் அதனை மறந்தாலும் பெற்றவன் மறப்பதில்லை. தேர்தலிலே வேட்பாளர் நமக்கு வாக்குறுதி கொடுக்கிறார், நாம் அவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். இதிலே கைக்குக் கை மாறுவது எது என்பதை அவையோர் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.

ஆணை என்பது இன்னும் விந்தையானது. பிறருக்கு இடும் கட்டளையும் ஆணையே. தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் சத்தியமும் ஆணையே. அரசாணை என்றால் அரசு நமக்கு இடுவது. "உன்மேல் ஆணை" என்றால் நாம் நமக்கே இட்டுக்கொள்வது. இக்காலத்தில் அமைச்சர் பதவியேற்கும்போது கடவுளின் பெயரால் சொல்லவும் இடமுண்டு, 'உளமார' என்று சொல்லவும் இடமுண்டு. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் வைத்திருக்கிறது. 'உளமார' என்றபோது சாட்சி வெளியே இல்லை; உள்ளமே சாட்சி.

சங்க நூல்களிலே இதற்குச் சூள் என்றும் வஞ்சினம் என்றும் பெயர். வஞ்சினம் என்பது, இன்னது செய்யேனாயின் இன்னவன் ஆகக் கடவேன் என்று தன்மேல் தானே பழியை ஏற்றிக்கொள்வது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றுக என்றும், மாங்குடி மருதன் தலைவனாகிய புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக என்றும் கூறியது புறநானூற்றின் 72ஆம் பாட்டில் இருக்கிறது. தன் உயிரையோ முடியையோ அவன் பணயம் வைக்கவில்லை. புலவர் பாடுதலைப் பணயம் வைத்தான். ஒருவன் எதனை இழக்க அஞ்சுகிறானோ அதனைக் கொண்டே வஞ்சினம் கூறுவான் போலும்.

சூளிலே சாட்சி வேண்டும். குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவிக்கு அஃது இல்லை. அவன் சொன்ன அன்று அங்கே இருந்தவன் அவன் ஒருவனே. அவனே பொய்த்தால் என் செய்வது என்று அவள் ஏங்குகிறாள். ஓடும் நீரிலே ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றுதான் வேறு சாட்சி. மீனைப் பார்த்து நிற்கும் நாரை சாட்சிக்கூண்டில் ஏறுமா?

பெரியபுராணத்திலே இரண்டு கதைகள் இப்பொருளுக்கு மிகவும் ஏற்றவை. ஒன்று, திருவொற்றியூரிலே சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்த சத்தியம். பிரியேன் என்று சந்நிதியிலே சொல்ல வேண்டும் என்றதும், அவ்வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழ மரத்தடியிலே இருக்க வேண்டும் என்று சுந்தரர் வேண்டிக்கொள்கிறார். இறைவனும் இசைந்து, சங்கிலியாரிடம் சென்று, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார்! சத்தியத்தில் சந்து வைக்க நினைத்தவருக்கு அச்சந்திலேயே கதவு அடைக்கப்பட்டது. பின்னர் அவர் ஆரூர் நினைவால் ஒற்றியூரை விட்டு நீங்கியதும் கண்ணொளி இழந்தார்.

மற்றது திருநீலகண்டக் குயவனார் கதை. தில்லையிலே வாழ்ந்த அவர் பொதுமகளிர்பால் சென்று வந்தது கேட்டு, மனைவியார் சினந்து, திருநீலகண்டத்தின் பெயரால் ஆணையிட்டு, தீண்டாதீர் என்றார். அப்போது 'என்னை' என்னாமல் 'எம்மை' என்று சொல்லிவிட்டார். பேச்சுவாக்கில் வந்த பன்மையாயிருக்கலாம். நாமும் இவ்வுரையிலே 'நான்' என்னாமல் 'நாம்' என்றே சொல்லி வருகிறோம் அன்றோ! குயவனாரோ, எம்மை என்றமையால் பெண்ணினத்தார் எவரையும் தீண்டேன் என்று கொண்டார். ஒரே வீட்டில் இருவரும் முதுமை வரையில் அயலறியாமல் அப்படியே வாழ்ந்தனர். ஈரெழுத்து வேறுபாடு ஓர் ஆயுளைக் கட்டியது. நம்மைக் கேட்டால், அவர் பெருமை ஆணையைக் காத்ததில் பாதிதான். சொன்னவர் எண்ணியிராத பொருளையும் தாமே ஏற்று நின்றதில் இருக்கிறது மற்றைப் பாதி. ஏனென்றால், நாமெல்லாம் சொல்லின் பொருளைக் குறுக்கிக்கொள்ளவே இலக்கணம் தேடுகிறோம்.

தெய்வத்துக்குக் கொடுக்கும் வாக்கை நம் முன்னோர் நேர்த்திக்கடன் என்றனர். கடன் என்றே சொல்லிவிட்டமையால் தவணை தவறினால் வட்டி உண்டு என்ற அச்சம் தாய்மார்களுக்கு எப்போதும் இருக்கிறது. இக்குடியிருப்பிலே, பூசை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு இல்லாத வீடு அருமை. ஊருக்குப் போகும்போது செலுத்தலாம் என்று வைத்தவை. நம் வீட்டில் 2009ஆம் ஆண்டில் மூத்த மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, தஞ்சைக்கு அருகிலுள்ள நம் ஊர் ஐயனாருக்கு ஒன்றேகால் ரூபாய் முடிந்து வைத்தோம். 2011 ஜூன் 30 முதல் அந்தக் கால் ரூபாய் செல்லாக் காசு ஆகிவிட்டது. காசுதான் செல்லாது, கடன் செல்லும் என்கிறார் நம் இல்லத்தரசியார். ஆண்டுதோறும் "அடுத்த விடுமுறைக்கு" என்கிறோம்.

காகிதத்தில் எழுதும் வாக்குக்கு வருவோம். சட்டைப்பையில் உள்ள நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். கொண்டுவருபவருக்கு இத்தொகையைத் தர ரிசர்வ் வங்கியின் ஆளுநர் வாக்களித்துக் கையொப்பமிட்டிருக்கிறார். அவ்வாக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருக்கிறது. பின்புறத்திலே பதினைந்து மொழிகளின் நடுவே நம் தமிழ் 'நூறு ரூபாய்' என்று தொகையை மட்டும் சொல்லி நிற்கிறது. ஒரு ரூபாய்த் தாளிலோ வாக்கே இல்லை. அதனை வெளியிடுவது அரசு, கையொப்பம் நிதித்துறைச் செயலாளருடையது.

சரக்கு அலுவலகத்திலே சில ஆண்டு இருந்தோம். அங்கே வாக்குக் கொடாமல் ரசீது கொடுக்கும் கலையைக் கற்றோம். வணிகர் தாமே வண்டியில் ஏற்றிய சரக்கை நம்மவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றால், ரசீதிலே, இன்னது உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்று பொருள்படும் குறிப்பு ஒன்றை எழுதுவர். சொன்னவர் யார்? ரசீது பேசாது. அலுவலகக் கடிதங்களில் வரும் 'ஆவன செய்யப்படும்' என்பதும் அதன் உடன்பிறப்பே. செய்வான் ஒருவன் இல்லாத வினைமுற்று அது. அதில் ஒருவரையும் பிடித்துக் கேட்க முடியாது.

நம் குழந்தைகளோ தொண்டையைக் கிள்ளிக்கொண்டு 'கசம்' என்கிறார்கள். அல்லது 'மதர் பிராமிஸ்' என்கிறார்கள். சில பெரியோர் இதற்கு வருந்துகின்றனர். 'அம்மாமேல் சத்தியம்' என்று நாம் தெருவிலே சொன்னதுதானே அது? சொல் மாறினாலும் அம்மா மாறவில்லை. நாம் வருந்துவது வேறொன்றுக்கு. அதனைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

முன்பதிவுக் கவுண்டருக்கு மாற்றப்பட்ட புதிதில், தமிழர் ஒருவர் வந்தார். அவ்வூரில் கட்டட வேலை செய்பவர். ஊரிலே தாயார் படுக்கையில் இருக்கிறார் என்று செய்தி. சென்னை வண்டியில் காத்திருப்போர் வரிசையில் 11ஆம் எண் கிடைத்தது. "கிடைக்குமா, ஐயா?" என்றார். அயலூரில் தமிழைக் கேட்ட மகிழ்ச்சியிலே, "பதினொன்றுதானே, கிடைத்துவிடும், கவலைப்படாதீர்கள்" என்றோம். அது வாக்கு அன்று, சத்தியமும் அன்று. ஆறுதல் என்றே நினைத்துச் சொன்னோம். பட்டியல் வெளியானபோது அவர் பெயர் காத்திருப்போர் வரிசையிலேயே நின்றது. முன்பதிவில்லாப் பெட்டியிலே கதவோரம் நின்றபடி போனார் என்று பின்னர் அறிந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, தலை மழித்து, கவுண்டருக்கு வந்து நின்றார். அவர் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முதல் நாளே விஜயவாடா வரை வேறு வண்டியில் இடம் இருந்ததாம். அங்கே மாறிப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். "நீங்கள் கிடைத்துவிடும் என்றீர்கள், ஐயா. அதனால்தான் இருந்துவிட்டேன்" என்றார். குரலிலே சினம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதுபோலச் சொன்னார். நமக்கு மறுமொழி வரவில்லை. "வருகிறேன், ஐயா" என்று சொல்லிப் போனார்.

ஆணை, சூள், சத்தியம் என்னும் அடையாளம் ஒன்றும் அச்சொல்லில் இல்லை. 'கிடைத்துவிடும்' என்ற வெறும் வினை. சொன்ன நமக்கு அது பேச்சு. கேட்ட அவருக்கு அது வாக்கு. அவர் பொருள் கொண்டதுதான் சரி என்று இன்று நினைக்கிறோம். அன்றுமுதல் கவுண்டரில் எண்ணை மட்டுமே சொல்லுகிறோம். "கிடைக்குமா?" என்று கேட்டால், "பதினொன்று, ஐயா; முதல் நாள் வண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். கல்நெஞ்சன் என்று நம்மவர் சிலர் சொல்வதாகக் கேள்வி. அவர்களில் இருவர் இவ்வவையிலும் இருக்கிறார்கள்.

தமிழர் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. போய்வருகிறேன், வருகிறேன் என்றே சொல்லுகிறோம். ஊரில் வண்டி ஏறும்போதெல்லாம் நாம் ஒவ்வொருவரும் வயது முதிர்ந்த ஒருவரிடம் அப்படிச் சொல்லிவிட்டே ஏறியிருக்கிறோம். நாம் அதனை வழக்கச் சொல்லாகவே சொல்லியிருப்போம். வாசலில் நின்றவர் எப்படிக் கேட்டாரோ!

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பத்து நிமிடம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அதுவும் போயிற்று. ஐயனாருக்கு முடிந்த ஒன்றேகால் ரூபாயைச் செலுத்த, வரும் மே மாதத்துக்குப் பாஸ் வாங்கி முன்பதிவும் செய்திருக்கிறோம். காத்திருப்போர் வரிசையில் ஆறாம் எண். வணக்கம், வருகிறோம்.