ஊர் வழக்கமும் உலக நியாயமும்
(மாணவர், இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலை அமர்வில் கல்லூரி மாணவத் தம்பி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பண்பாடு, ஒரு நியாயம். அடுத்த சமுதாயத்தைப் பார்த்து இது தவறு என்று சொல்ல நாம் யார்? அதேபோல நம்மைப் பார்த்துச் சொல்ல அவர்கள் யார்?" என்றார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். ஆனால் உணவு இடைவேளையில் யோசித்துப் பார்த்தபோது, நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது. அதைத்தான் இப்போது பேசப் போகிறேன்.

அந்தத் தம்பிக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது எனக்குப் புரிகிறது. 2004இல் பிரான்சு நாடு சட்டம் போட்டு, அரசுப் பள்ளி மாணவிகளின் தலைத்துணியைக் கழற்றச் சொன்னது. 2022இல் கர்நாடகத்தில் நம் பிள்ளைகள் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வருகிறவன் எல்லாம் நம்மை நோக்கியே விரல் நீட்டினால், "யாரும் யாரையும் தீர்ப்பளிக்கக் கூடாது" என்று சொல்லத்தான் தோன்றும்.

இந்த விரல் நீட்டலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1883 முதல் 1907 வரை எகிப்தை ஆட்டிப்படைத்த ஆங்கிலேய அதிகாரி குரோமர் பிரபு. முஸ்லிம் பெண்கள் முகத்திரை போட்டு ஒடுக்கப்படுகிறார்கள், அதனால்தான் அந்தச் சமுதாயம் பின்தங்கிக் கிடக்கிறது என்று புத்தகம் எழுதினார். எகிப்தியப் பெண்ணுக்காக இவ்வளவு உருகியவர் ஊர் திரும்பி என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கவே கூடாது என்று பாடுபட்ட ஆண்கள் சங்கத்துக்குத் தலைவரானார்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமணமான ஆங்கிலேயப் பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் இங்கிலாந்தில் 1882இல்தான் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்கு அந்த உரிமையை நம் ஷரீஅத் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டது. யார் யாருக்குப் பாடம் நடத்துவது?

ஆனால் சகோதரர்களே, குரோமர் செய்த குற்றம் என்ன? அடுத்தவரைத் தீர்ப்பளித்ததா? இல்லை. அடுத்தவருக்கு ஒரு தராசு, தனக்கு ஒரு தராசு வைத்துக்கொண்டதுதான் குற்றம். கள்ளத் தராசைக் கண்டால் நல்ல தராசைக் கொண்டு வா என்போம். தராசே வேண்டாம் என்று எந்த வியாபாரியாவது சொல்வாரா?

தராசே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நாடு அது. குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் கடை வைத்துப் பெருகிய நாடு. காந்திஜி 1893இல் அங்கே போனதே ஒரு முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத்தான். 1946இல் அந்நாட்டு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று எல்லை போட்ட சட்டம். கடைக்காரனுக்கு இதன் பொருள் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு இந்தியா இதை ஐக்கிய நாடுகள் சபைக்கு எடுத்துச் சென்றது. நமது குழுவுக்குத் தலைமை விஜயலட்சுமி பண்டிட். எதிர்த்தரப்பில் பிரதமர் ஸ்மட்ஸ். அவர் வாதம் இதுதான்: இது எங்கள் உள்நாட்டு விவகாரம், வெளியார் தலையிட முடியாது.

கவனியுங்கள்! நம் தம்பி காலையில் கேட்ட "நீங்கள் யார்?" என்ற கேள்வி, அன்று ஒடுக்குகிறவன் வாயிலிருந்து வந்தது. ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமை பற்றி எழுதிக் கொடுத்ததே இந்த ஸ்மட்ஸ்தான் என்பது வேடிக்கை. சபை அவர் வாதத்தை ஏற்கவில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் இந்தியாவின் பக்கம் தீர்மானம் நிறைவேறியது. அடிமை விலங்கு இன்னும் முழுதாகக் கழலாத இந்தியா, அந்த ஆண்டே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையும் நிறுத்திக்கொண்டது. நட்டம் இல்லாமலா நிறுத்தியிருக்கும்?

இரண்டு ஆண்டு கழித்து 1948 டிசம்பர் 10 அன்று உலக மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை. ஒதுங்கிக்கொண்ட 8 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. சவூதி அரேபியாவும் ஒதுங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எகிப்து, ஈரான், இராக், சிரியா, துருக்கி, பாகிஸ்தான் எல்லாம் ஆதரித்தன. எனவே இது வெள்ளைக்காரன் நியாயம், நமக்கு ஒட்டாது என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. நிறவெறி ஆட்சி 1994 தேர்தலோடுதான் ஒழிந்தது. அதுவரை உலகம் "அது அவர்கள் பண்பாடு" என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் மண்டேலா சிறையிலேயே மடிந்திருப்பார்.

எண்ணிக்கையில் சிறுத்த சமுதாயம் நாம். பெரும்பான்மையின் வழக்கம்தான் நியாயம் என்றாகிவிட்டால் முதலில் அடிபடுவது யார்? ஊர் எல்லைகளுக்கு மேலே நின்று கேட்கிற ஒரு நியாயம் நமக்குத்தான் அதிகம் தேவை.

இது நமக்குப் புதிதும் அல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைக் காலம், நபித்துவத்துக்கு முன்பு. யமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவில் சரக்கு விற்றார். வாங்கியவர் மக்காவின் பெரும்புள்ளி. பணம் தரவில்லை. வெளியூர்க்காரருக்கு அங்கே கோத்திரம் இல்லை, கேட்க ஆள் இல்லை. மலைமேல் ஏறி நின்று கூவினார். சில கோத்திரத்தார் ஒரு வீட்டில் கூடி, உள்ளூரானோ வெளியூரானோ, அநீதி இழைக்கப்பட்டவன் பக்கமே நிற்போம் என்று உடன்படிக்கை செய்து, பணத்தை வாங்கிக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். நபிகளார் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படியொரு உடன்படிக்கைக்கு இன்று அழைத்தாலும் போவேன் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். அந்த வீட்டில் கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதை மறந்துவிடாதீர்கள். அதே அரபு மண்ணில் பெண் குழந்தையைப் புதைப்பதும் ஒரு வழக்கமாக இருந்தது. அதைத் தவறு என்று சொல்ல வெளிநாட்டான் வரவில்லை. அரபு மண்ணில் பிறந்தவரே சொன்னார்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். முகம் சுளிக்காதீர்கள்.

நிக்காஹ் பேசும் இடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்பதில்லை! "ஊர் வழக்கம் என்னவோ அதைச் செய்யுங்கள்" என்பார்கள். எவ்வளவு நாகரிகம் பாருங்கள். அந்த "ஊர் வழக்க"த்துக்குள் நாற்பது பவுனும் கைக்கூலியும் சீர்வரிசையும் அடங்கியிருக்கும். மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண் என்பது மார்க்கச் சட்டம். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம்கூட, ஷரீஅத் சட்டத்துக்குட்பட்டவர்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறது. நாட்டின் சட்டம் நம் மஹரை மதிக்கிறது. நாமோ அதைப் பெயருக்குச் சில நூறு ரூபாய் ஆக்கிவிட்டு, பெண் வீட்டில் ஆயிரங்களாகவும் இலட்சங்களாகவும் அள்ளுகிறோம். உசிலம்பட்டியில் பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த கதையைப் படித்துவிட்டு "என்ன பண்பாடு இது!" என்கிறோம். அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்த பயம் வரதட்சணைப் பயம்தானே? அந்தப் பயத்தை நம் தெருவில் உண்டாக்குகிறவர் யார்?

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. அதைக் கடைத்தெருவுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அல்பிரூனி பற்றியும் ஒரு வார்த்தை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்து, சமஸ்கிருதம் கற்று, இந்து மக்களின் நூல்களை அவர்கள் வாயிலாகவே கேட்டு எழுதினார். தமக்கு உடன்பாடில்லாததையும் திரிக்காமல் எழுதினார். அடுத்த சமுதாயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விரும்பும் இளைஞர்கள் அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்காவது செய்யட்டும். பக்கத்து வீட்டார் பொங்கல் ஏன் வைக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் கருத்துச் சொல்கிற பிள்ளைகளை நம்மிடையே பார்க்கிறேன். அவர்களும் நம்மைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்கள்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். தொழுகைக்குப் பிறகு ஒரு தாள் சுற்றுக்கு வரும். கைக்கூலி வாங்காமல் மஹர் கொடுத்து நிக்காஹ் முடிக்கச் சம்மதிக்கும் இளைஞர்கள் அதில் பெயர் எழுதலாம். முத்தவல்லி அவர்களிடம் பேசியிருக்கிறேன், ஜமாஅத் நோட்டீசுப் பலகையில் ஒட்டச் சம்மதித்திருக்கிறார். பெற்றோரைக் கேட்காமல் எழுதிவிட்டு நாளை மறுக்க வேண்டாம். கேட்டுவிட்டு வந்து அடுத்த ஜும்ஆவுக்குள் எழுதினாலும் போதும்.