எல்லைக்கு அப்பால் ஒரு தமிழாசிரியர்



விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் இருப்புப்பாதை 1879ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இருபுறமும் ஒரே மண், ஒரே பேச்சு. ஆயினும் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அப்பாதையின் குறுக்கே இரண்டு அரசுகளின் எல்லை நின்றது. இப்புறம் தென்னார்க்காடு மாவட்டம், அப்புறம் பிரெஞ்சிந்தியா. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியே சென்றோர்க்கும் இதுவே நிலை. அவ்வெல்லைக்கு அப்பால் முப்பத்தேழு ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஓர் ஆசிரியரைப் பற்றியது இவ்வுரை. அவர் பெயர் கனக சுப்புரத்தினம்; உலகம் அறிந்த பெயர் பாரதிதாசன்.

பாவேந்தரைப் பேசுவோர் பாரதியாரின் நட்பையும் பெரியாரின் கொள்கையையும் அவர்தம் கவிதையின் இரு ஊற்றுகளாகக் காட்டுவர். அது பொருந்துவதே. எனினும் மூன்றாவது ஊற்று ஒன்றுண்டு. அது வகுப்பறை.

பிறமொழி ஆட்சியில் தாய்மொழி

ஐரோப்பாவில் 1920ஆம் ஆண்டின் திரியானோன் உடன்படிக்கைக்குப் பின், அங்கேரி மொழி பேசுவோரில் பெருந்தொகையினர் உருமேனியா, செக்கோசுலோவாக்கியா, யுகோசுலாவியா ஆகிய அயல்நாடுகளின் குடிகளாயினர். அங்கெல்லாம் தாய்மொழியைக் காத்து நின்றோருள் பள்ளியாசிரியரும் எழுத்தாளரும் முன்வரிசையினர். பலவிடத்து இருவரும் ஒருவரே. அம்மக்கள் ஆங்குச் சிறுபான்மையினர்; புதுவையிலோ தமிழர் பெரும்பான்மையினர். இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று. ஆனால் வீட்டில் வழங்கும் மொழி ஒன்று, பதவிக்கு வழிகாட்டும் மொழி வேறொன்று என்னும் நிலை ஈரிடத்தும் ஒன்றே.

இந்நிலையில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையிற் பிறந்த சுப்புரத்தினம் இளமையிற் பிரெஞ்சும் பயின்றார். பின்னர்க் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று தேர்ந்தார். பிரெஞ்சறிவு உயர்வு தந்த ஊரில் அவர் தமிழையே தொழிலாகக் கொண்டார். 1909ஆம் ஆண்டு காரைக்காலைச் சார்ந்த நிரவியில் ஆசிரியப் பணி ஏற்றபோது அவர்க்கு அகவை பதினெட்டு.

அடைக்கலமும் தளையும்

எல்லை எல்லார்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை. ஆங்கில அரசின் கைக்கு எட்டாதிருக்க 1908இல் புதுவை புகுந்த பாரதியார்க்கு அது அடைக்கலம். 1918 நவம்பரில் அவர் அவ்வெல்லையைக் கடந்ததும் கடலூரருகே கைதானார். சுப்புரத்தினத்திற்கோ அதே எல்லைக்குள் அரசு ஊதியம் கிடைத்தது. அரசு ஊழியர்க்குரிய கட்டுப்பாடும் கூடவே வந்தது. பாடம் நடத்திய கையே சமூகத்தைச் சாடியும் எழுதியது. கிறுக்கன், கிண்டற்காரன் என அவர் புனைந்துகொண்ட பெயர்கள் பல. அவற்றுள் தம் ஆசானின் பெயரோடு இணைந்த 'பாரதிதாசன்' என்பதே நிலைத்தது. அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி 1938இல் குஞ்சிதம் குருசாமியின் முயற்சியால் வெளிவந்தது. கவிஞரை எல்லை நிறுத்தியது, கவிதையை நிறுத்தவில்லை.

கவிதையில் ஆசிரியர்

அவர்தம் நூல்களுட் சிலவற்றை ஆசிரியரின் நூல்களாகவே கற்றல் தகும். சிறுவர் சிறுமியர்க்கென 1930இலேயே பாட்டெழுதினார். புதியதோர் ஆத்திசூடியும் செய்தார். 'குடும்ப விளக்'கையும் 'இருண்ட வீட்'டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கல்வி புகுந்த இல்லம் ஒன்று. புகாத இல்லம் மற்றொன்று. சரியான விடையையும் பிழையான விடையையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதிக் காட்டும் ஆசிரியரின் முறையே இது. பெண்கல்வி அவர்க்கு மேடைக் கொள்கை மட்டுமன்று. வீட்டின் அன்றாட நடப்பில் வைத்துக் காட்டத்தக்க பாடம்.

இவ்வகையில் தலையாயது 1945இல் வெளிவந்த 'தமிழியக்கம்'. பணி ஓய்வுக்கு ஓராண்டு முன்னர், இன்னும் ஆசிரியராயிருந்தபோது அவர் அதனை இயற்றினார். தமிழ் எங்கெங்கே இல்லை என்பதை அந்நூல் இடம் இடமாகச் சுட்டுகின்றது. வாணிகர், கோயிலார், பாடகர், மாணவர், பெருஞ்செல்வர் என ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே விளிக்கின்றது. வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி ஒவ்வொரு பெயராக அழைக்கும் ஆசிரியரின் குரல் அதிற் கேட்கின்றது. கணக்காயர் எனத் தம் இனத்தாராகிய ஆசிரியரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடையிலும் கோயிலிலும் மன்றத்திலும் தாய்மொழி ஒதுங்கி நிற்பதைப் பிறமொழி ஆட்சியில் நாள்தோறும் கண்ட ஒருவர்க்கே இப்பட்டியல் இத்துணை முழுமையாக வாய்க்கும்.

1946இல் அறிஞர் அண்ணாவின் முயற்சியால் இருபத்தையாயிரம் ரூபாய் பொற்கிழி அவர்க்கு வழங்கப்பெற்றது. அவ்வாண்டே பணி ஓய்வும் பெற்றார். 1955இல் புதுவைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். 'பிசிராந்தையார்' நாடகத்திற்குச் சாகித்திய அகாதெமி விருது 1969இல் வந்தது. புதுவைப் பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது.

எல்லை நீங்கியது, வினா நீங்கியதா? கண்டமங்கலம் தாண்டிப் புதுவைக்குச் செல்வோரை இன்று எவரும் நிறுத்துவதில்லை. ஆனால் வீட்டு மொழி ஒன்று, உயர்வு தரும் மொழி வேறொன்று என்னும் நிலை, ஆங்கிலத்தின் வடிவில், இருபுறத்துப் பள்ளிகளிலும் உள்ளது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தார் 'தமிழியக்க'த்தின் பெயர் வரிசையை மீண்டும் ஒருமுறை பார்த்தல் நன்று. பாட்டியற்றுவோர், சொற்பொழிவாளர், விழா நடத்துவோர் ஆகிய மூவரும் அதில் உள்ளனர். அம்மூவரும் இவ்வவையில் இருக்கின்றனர். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்துவிட்டார். விடை சொல்லுதல் மாணவர் கடன்.