மெழுகில் நிற்கும் மெட்டுகள்



வீணைக் கச்சேரி கேட்டுவிட்டு வருபவர்கள் வாசித்தவரைப் பற்றி நாலு நாள் பேசுவார்கள். அந்த வீணைக்கு மெட்டு வைத்தவர் யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு வீணை சுருதி சுத்தமாகப் பேசுவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைய உரை முக்கியமாக அவரைப் பற்றியது.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தஞ்சைப் பட்டறைகளில் தனி மதிப்பு. அதிகக் கனமில்லாத மரம். தட்டினால் நாதம் கொடுக்கும். குடம், தண்டி என்று தனித்தனியே செதுக்கிப் பொருத்தினால் ஒட்டு வீணை. எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. அதற்குப் பருத்த, முற்றிய அடிமரம் வேண்டும் என்பதால் விலையும் கூடுதல். ஏகாண்டம்தான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கை பொருத்திய ஒட்டு வீணையும் குறைவில்லாமல் பேசும்.

உளியும் கொட்டாப்புளியும் கொண்டு குடத்தை உள்ளே குடைகிறார்கள். சுவர் தடித்திருந்தால் நாதம் அமுங்கிவிடும். மெலிந்துபோனால் உறுதி போய்விடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கையும் காதும்தான் சொல்ல வேண்டும். பிறகு மேல்பலகை, குதிரை, பிரடைகள், யாளி முகம். முன்பு ஓரங்களில் யானைத் தந்தமும் மான் கொம்பும் பதித்தார்கள், இப்போது பிளாஸ்டிக். அதனால் இசைக்கு ஒரு நட்டமும் இல்லை.

இத்தனையும் முடிந்தாலும் அது இன்னும் வீணை ஆகிவிடவில்லை. மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டு வைக்க வேண்டும்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைச் சூடு பொறுக்கும் பதத்தில் மாவுபோலப் பிசைந்து, தண்டியின் இரு ஓரங்களிலும் கரையாகக் கட்டுகிறார்கள். அந்தக் கரைகளின்மேல் 24 உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாக அமர்த்த வேண்டும். பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஸ்தாயி ஷட்ஜம். இருபத்துநாலாவதில் அதற்கும் மேல் ஸ்தாயி ஷட்ஜம். நடுவில் உள்ளவற்றுக்குக் கணக்குப் போட்டு அளவுகோலால் குறித்துவிடலாமே என்று தோன்றும். தந்தியை அழுத்தியதும் அதன் இறுக்கம் கூடி, சுரம் ஒரு நூல் ஏறிவிடும். தந்திக்குத் தந்தி இந்த ஏற்றம் வேறுபடும். அதனால் மேளம் கட்டுபவர் மீட்டிக் கேட்கிறார். மெட்டை மயிரிழை நகர்த்துகிறார். மறுபடி மீட்டிக் கேட்கிறார். உயரமும் பார்க்க வேண்டும். ஒரு மெட்டு சற்றே தூக்கிக்கொண்டிருந்தால், அதற்கு முந்தைய மெட்டில் அழுத்தும்போது தந்தி அதில் உரசி இரையும். சங்கீத மேடை ஏறாத சங்கீத ஞானம் இது.

மெழுகு வெயிலில் இளகும். கதவடைத்த காரில் மதிய நேரத்தில் வீணையை விட்டுப் போனால் மெட்டுகள் இடம் பெயர்ந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். வாசிப்பவருக்கும் செய்பவருக்கும் உள்ள உறவு வீணை விற்றதோடு முடியாது.

எல்லா ராகங்களுக்கும் பொதுவாக 24 மெட்டுகளை நிலையாக வைக்கும் முறை 17-ஆம் நூற்றாண்டில், தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் முயற்சியில் அமைந்தது என்பது மரபு. ஏழு தந்திகள்: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வாசிக்க நான்கு; பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. வாசிப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

வீணை தனம்மாள் (1867–1938) நகத்தாலேயே மெல்ல மீட்டுவார். சென்னையில் அவர் வீட்டு வெள்ளிக்கிழமை வாசிப்புக்குப் பெரிய வித்வான்களே வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். தம்பி சாம்பசிவய்யர் மடியில் கிடத்தி வாசித்தார். எஸ். பாலசந்தர் பெரும்பாலும் தாமாகவே கற்றவர். ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல சுரங்களை வரவழைப்பார்.

அந்த இழுப்பைப் புத்தகத்தில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது. குருவும் மாணவரும் ஆளுக்கொரு வீணையோடு எதிரெதிரே அமர்கிறார்கள். மாணவரின் கண் குருவின் இடது கையில் இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வழுக்கிச் செல்லப் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் எண்ணெய். முதலில் விரல் எரியும், பிறகு கோடு விழும், அப்புறம் காய்த்துவிடும். அதுவரை பொறுமை வேண்டும். 1952-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சாம்பசிவய்யர் தம் கடைசிக் காலத்தைச் சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பிப்பதில் கழித்தார். அவரிடம் பயின்ற ராஜேஸ்வரி பத்மநாபனும் அங்கேயே ஆசிரியரானார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் உளி பிடித்துக் குடையவும் மேளம் கட்டவும் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வந்தால்தான் அந்தப் பெருமை நிற்கும். உழைப்புக்கேற்ற கூலி கிடைத்தால்தான் அவர்கள் வருவார்கள்.

பல வீடுகளில் பாட்டியின் வீணை ஒன்று உறையிட்டபடி மூலையில் சாத்தியிருக்கிறது. தந்தி துருப்பிடித்திருக்கலாம், மெழுகு விண்டிருக்கலாம்; மரம் நன்றாகத்தான் இருக்கும். பழைய பலாவின் நாதம் புதிய மரத்தில் எளிதில் வராது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், நல்ல ஆசாரியிடம் கொடுத்து மேளம் கட்டுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வீட்டுப் பிள்ளை ஒன்றை வீணையின் முன் உட்காரவையுங்கள்.