புள்ளி வஞ்சிரம் எத்தனை?

வஞ்சிர மீன்களில், உடம்பில் குறுக்கு வரி ஓடுவது ஒரு இனம். அதன் பக்கக்கோடு இரண்டாம் முதுகுத் துடுப்பு தாண்டியதும் சட்டென்று கீழே சரியும். புள்ளி போட்டது வேறு இனம். கோடும் அப்படிச் சரியாது. இதுவரை சிக்கல் இல்லை.

புள்ளிக்காரருக்கு 1801இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். அந்த மீன் கிடைத்தது நம் தரங்கம்பாடியில். பிறகு நெடுங்காலம் இந்தியக் கடலில் புள்ளி வஞ்சிரமெல்லாம் ஒரே இனம் என்றே கணக்கு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பல கரைகளின் மீன்களை அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டார்கள். 2024இல் வெளியே வந்த சேதி: இனங்கள் மூன்று! ஒன்று பழையது. இன்னொன்று, தனி இனமல்ல என்று தள்ளப்பட்டு இப்போது மீண்டது. மூன்றாவது முற்றிலும் புதிது. முகம் சிட்டுக்குருவி அலகு மாதிரி, இருப்பிடம் அரபிக்கடல். குழம்புக்கு எல்லாம் வஞ்சிரம்தான். பிடிப்புக் கணக்கு எழுதுபவருக்குத்தான் இனித் தலைவலி.