துலூம்: கடலோர மதில் நகரம்



நாம் ஒருநாள் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினோம். நீலக் கடல், கரையில் செங்குத்தான பாறை, அதன்மேல் இடிந்த கற்கட்டடங்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அங்கே இருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?" என்று கேட்டான். அன்று முழு விடை சொல்ல இயலவில்லை. தேடிப் படித்து மறுவாரம் சொன்னோம். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

அந்த ஊரின் பெயர் துலூம். மெக்சிகோ நாட்டின் கிழக்குக் கரையில், கரிபியன் கடலைப் பார்த்து நிற்கிறது. கட்டியவர்கள் மாயா மக்கள். 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை அது செழிப்பாக இருந்தது. அவர்கள் மொழியில் துலூம் என்றால் மதில். ஒரு பக்கம் கடலும் பாறையும் காவல். மற்ற மூன்று பக்கமும் கல்மதில். உள்ளே நுழைய ஐந்தே வாசல்கள்.

ஊருக்கு எதிரே கடலடியில் பவளப்பாறைத் தொடர் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இடைவெளி. அதன் வழியாகத் தோணிகள் கரைக்கு வந்தன. உப்பு, தேன், பருத்தித் துணி, கத்திபோல் வெட்டும் எரிமலைக் கண்ணாடிக்கல் எல்லாம் வந்து இறங்கின. கொக்கோவும் உண்டு. நம் தோட்டங்கள் சிலவற்றில் தென்னைக்கு அடியில் நட்டார்களே, அதே கொக்கோதான். அங்கே அதன் விதை காசாகவே செல்லுபடியானது! 1502-இல் கொலம்பஸ் ஹொண்டுராஸ் நாட்டுத் தீவொன்றின் அருகே மாயா வணிகர்களின் பெரிய தோணி ஒன்றைக் கண்டார். விதைகள் கீழே சிந்தியபோது அவர்கள் பதறிக் குனிந்து பொறுக்கினார்களாம். உடன் சென்ற அவர் மகன் இதை எழுதி வைத்திருக்கிறார்.

1518-இல் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகச் சென்றன. பிறகு அவர்களோடு பெரியம்மையும் மற்ற நோய்களும் வந்தன. மதில் படையைத் தடுக்கும், அம்மையைத் தடுக்குமா? அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் வெறிச்சோடியது. 1842-இல் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கரும் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியரும் வந்தபோது, மரங்களை வெட்டித்தான் கட்டடங்களைப் படம் வரைய முடிந்தது.

பலர் கதையை இங்கேயே முடித்து, மாயா மக்கள் மறைந்துவிட்டார்கள் என்பார்கள். அது தவறு.

வரிச் சுமையும், கரும்புத் தோட்டங்களுக்காக நிலம் பறிபோனதும் பொறுக்காமல் 1847-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிழக்குக் காடுகளை 1901 வரை தம் கையில் வைத்திருந்தார்கள். அக்காலத்தில் துலூமின் பழைய கட்டடங்களிலேயே வழிபாடும் நடத்தினார்கள். மேற்குப் பக்கம் சிக்கியவர்கள் பாடுதான் கொடுமை. கயிற்றுக்கு நார் எடுக்கும் கற்றாழைத் தோட்டங்களில் கடன்பட்டுக் கிடந்தார்கள். கணக்குத் தீராமல் வெளியேற முடியாது. கணக்கு எழுதியவரோ முதலாளியின் ஆள். இதை நம் முதியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்றும் அவர்கள் இருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டோர் யுக்கத்தான் மாயா மொழி பேசுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் அதே பையன் மறுபடி எழுந்தான். "அவங்க பள்ளிக்கூடத்துல அந்தப் பாஷையைச் சொல்லித் தராங்களா, சார்?"

சில ஊர்களில் தருகிறார்கள். ஆனால் பல பிள்ளைகள் வீட்டிலும் ஸ்பானிய மொழிக்கே மாறிவிட்டார்கள். அதையும் மறைக்காமல் அவனிடம் சொன்னோம்.