பள்ளி வாயிலும் பணி வாயிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையையும் நாடகத்தையும் கண்டு மகிழக் காத்திருக்கும் அவையின்முன் நெடுநேரம் பேசுதல் முறையன்று. ஆயினும், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துவிட்டு, "இனி எங்கே?" என்று கலங்கி நிற்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர். அப்பணியை ஏற்று நிற்கிறேன்.

நாம் வாழும் இந்தப் பிலாய் நகரத்தின் வரலாறு நீங்கள் அறிந்ததே. 1955-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக எழுந்தது நம் எஃகு ஆலை. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள், குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார்கள். அந்நாளில் இங்கு வந்த தமிழர்க்கு வேலை முன்னே நின்றது. வீடு பின்னே வந்தது. ஆலையின் சங்கொலியே வீட்டின் கடிகாரமாக இருந்தது. தந்தையின் வேலை தன் மகனுக்கும் வாய்க்கும் என்று பலரும் நம்பினர்.

இன்று அந்நிலை இல்லை. எந்திரங்கள் பெருகின, ஆட்கள் குறைந்தனர். தந்தை அறுபதாம் அகவையில் ஓய்வு பெறும்போது, இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்த குடியிருப்பின் சாவியையும் ஒப்படைக்க வேண்டியவராகின்றார். ஆகவே, நம் வீடுகளில் பிள்ளையின் படிப்பு என்பது படிப்பு மட்டுமன்று. குடும்பம் இனி எவ்வூரில் அடுப்பு மூட்டும் என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அந்தச் சுமை முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுகின்றோம் என்பதே என் கவலை.

வள்ளுவப் பெருந்தகை "வலியறிதல்" என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் நான்கு வலிமைகளை எடைபோட வேண்டும் என்கிறார். செயலின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பாரின் வலிமை, துணைநிற்பாரின் வலிமை என்பன அவை. அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான் அது. ஆயினும், வாழ்க்கைத் தொழிலைத் தேரும் மாணவனுக்கும் அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

முதலாவது, செயலின் வலிமை. ஒரு தொழிலின் பெயரை அறிதல் வேறு. அதற்குச் செல்லும் வழியை அறிதல் வேறு. பொறியாளர் ஆவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பும் நுழைவுத் தேர்வுமே வழி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கணக்கிட்டுப் பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகள் இரண்டாண்டு. பொறியியற் பட்டம் நான்காண்டு. ஆக ஆறு ஆண்டுகள். பத்தாம் வகுப்பை முடித்து, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா பயின்று, பின் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்வோர்க்கும் அதே ஆறு ஆண்டுகளே! ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பிட்டர் பயிற்சி பெற்று, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அதன்பின் பட்டம் பெறுவோர்க்கு ஏழு ஆண்டுகள். ஓர் ஆண்டே மிகுதி. ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு தொழில் நிற்கின்றது. இடையிலே குடும்பத்திற்கு இடர் நேரினும், அந்தப் பிள்ளை வெறுங்கையோடு திரும்புவதில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டத்தையும் நாம் மறத்தலாகாது. முப்பதும் அதற்கு மேலும் ஆட்களைக் கொண்ட நிறுவனங்கள், தம் ஆள்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பயிலுநர்களைச் சேர்த்தல் வேண்டும் என்பது இன்றைய விதி. 'அப்ரண்டிஸ்' என்னும் சொல்லைத் தாழ்வாகக் கருதுவோர் உளர். உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்பதில் தாழ்வு எங்கே இருக்கின்றது? வணிகம் பயில்வோர்க்கு, பன்னிரண்டாம் வகுப்பின் பின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் முதற்படித் தேர்வை எழுதும் வழி உண்டு. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்திற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டுவதில்லை, நிறுவனமே நடத்தும் தகுதிப் படியைக் கடந்தால் போதும். வீட்டிலிருந்தே பயிலலாம்.

இரண்டாவது, தன் வலிமை. சர் சி. வி. இராமன் 1907-இல் நிதித் துறைத் தேர்வில் தேறி, கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணி ஏற்றார். அவரும் நம்மைப் போலப் பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்த தமிழரே. அலுவலகம் செல்லுமுன்னும், சென்று மீண்ட பின்னும், பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1917-இல், குறைந்த ஊதியத்தையும் பொருட்படுத்தாது பேராசிரியப் பதவியை ஏற்றார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. முதலில் கிடைக்கும் வேலையே முடிவான வேலை அன்று. தன் ஆற்றல் எதில் உள்ளது என்பதை மறவாதவனுக்குக் கணக்கர் நாற்காலியும் ஒரு படிக்கட்டே.

பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுவதில் மகிழும் மகனை, நோயாளிப் பாட்டிக்கு முகம் சுளிக்காது பணிசெய்யும் மகளை, மதிப்பெண் தாளை மட்டும் வைத்து அளக்காதீர்கள். பெண் பிள்ளைக்கு எது ஏற்ற தொழில் என்ற பழங்கணக்கையும் மாற்றி எழுதுங்கள். தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் 2022-இல் சேர்ந்த முதற்பெண்கள் 17 பேர், 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

மூன்றாவது, எதிர்நிற்பாரின் வலிமை. 2024-ஆம் ஆண்டில் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். அவ்வாண்டு 23 ஐ.ஐ.டி.களிலும் இருந்த இடங்கள் 17,740. நீட் தேர்வை எழுதியோர் 23 இலட்சத்திற்கும் மேற்பட்டோர், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்தைச் சற்றே தாண்டியவை. இவ்வெண்களைச் சொல்வது அச்சுறுத்த அன்று. இடம் கிடைக்காமை பிள்ளையின் குற்றம் அன்று; அது வகுத்தல் கணக்கு. முயலட்டும், ஆனால் இரண்டாவது வழியையும் முன்னரே தெரிந்து வைத்துக்கொண்டு முயலட்டும்.

தேர்வு முடிவு வந்த இரவில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உடன் அமர்ந்து உண்ணுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையின் பெயரை அன்று எடுக்காதீர்கள். மனம் ஒடிந்த பிள்ளைக்கு, 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி 14416 என்னும் எண்ணில் இருக்கின்றது. தயங்காமல் அழையுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை தருவதாகச் சொல்லும் தரகரும் நமக்கு எதிர்நிற்பாரே. மத்திய அரசின் கடைநிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இல்லை. "நேர்முகத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், அவன் இல்லாத கதவுக்குச் சாவி விற்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, துணைநிற்பாரின் வலிமை. இதுவே நம் சங்கத்தின் கடமை. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனி இடர் உண்டு. எந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டிற்கு உரியவர் என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இருப்பிடச் சான்றிதழைச் சேர்க்கை நாளன்று தேடி அலைவதை விட, பத்தாம் வகுப்பிலேயே கேட்டுத் தெளிதல் நன்று. தமிழ்நாட்டிற்குத் திரும்பி அரசுப் பணி பெற விரும்புவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 2021 டிசம்பரில் வெளிவந்த ஆணைப்படி, அங்கே அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம். அதில் நூற்றுக்கு நாற்பது பெறாதாரின் ஏனைய தாள் மதிப்பிடப்படுவதில்லை. வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு பண்பாட்டுக்கு மட்டுமன்றிப் பிழைப்புக்கும் துணையாகும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை அவையின்முன் வைக்கின்றேன். திங்களுக்கு ஒருமுறை, நம் உறுப்பினருள் ஒருவர், தம் தொழில் யாது, அதற்கு வந்த வழி யாது, ஒரு நாளில் தாம் செய்யும் வேலை யாது என்பதை மாணவர்க்குச் சொல்லட்டும். பற்றவைப்பாளரும் பேசட்டும், மருத்துவரும் பேசட்டும், செவிலியரும் பேசட்டும். அடுத்து, படித்து முடித்த நூல்களை எடைக்குப் போடாமல் சங்கத்தின் அலமாரியில் சேர்ப்போம். இறுதியாக, விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழ் பெறவும் தெரிந்த பெரியவர் ஒருவர், ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் இம்மண்டபத்தில் மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். ஓய்வு பெற்ற பெரியோர்க்கு இதனினும் உயர்ந்த தொண்டு வேறு உண்டோ?

மாணவச் செல்வங்களே! உங்கள் தந்தையர் இந்நகருக்கு வந்தபோது இந்தி அறியாதவர்; ஊர் அறியாதவர். துணிவும் உழைப்பும் ஒருவர்க்கொருவர் துணையுமே அவர்களின் முதலீடு. அம்மூன்றும் உங்களுக்கும் உண்டு. நான்கு வலிமைகளையும் எடைபோட்டு நடப்பீர்களாக! செல்லும் வழி எதுவாயினும், அதில் கைதேர்ந்தவராய் விளங்குவீர்களாக!

வாழ்க நம் இளைஞர்! வளர்க சங்கம்!